ஆன்லைன் சான்றிதழோடு ஆம்புலன்ஸில் ஏறிவிடலாமா?

‘செய்முறை வகுப்பே வேண்டாம், வீட்டிலிருந்து ஆன்லைனில் படித்தே அவசர மருத்துவப் பணியாளர் ஆகலாம்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

உடற்கூறு, மருந்துகள் போன்ற பாடங்களைத் திரையில் தாராளமாகப் படிக்கலாம், சரி. ஆனால் சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி? பெரியவர்களுக்கு மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எண்களை மனப்பாடம் செய்துவிடலாம்; அந்த ஆழம் பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்து அழுத்தினால்தான் பிடிபடும். இரண்டே நிமிடத்தில் தோள் கழன்றுவிடும்போல இருக்கும், அப்புறம் அழுத்தம் தானாகக் குறையும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள்.

அமெரிக்க இதய சங்கத்தின் ஆன்லைன் சிபிஆர் படிப்பிலும் செய்முறைத் தேர்வை முடித்தால்தான் சான்று அட்டை.

சேரும் முன் ‘செய்முறை எங்கே, எத்தனை மணி நேரம்?’ என்று கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.