அப்போமட்டாக்ஸோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்

அமெரிக்காவில் பல மாநிலங்கள் நாட்டு வரலாற்றை 1877-இல் இரண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. டெக்சாஸில் முதல் பாதி எட்டாம் வகுப்புக்கு, மறுபாதி உயர்நிலைப் பள்ளிக்கு. ஆகஸ்டில் முதல் ஆங்கிலேயக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனில் தொடங்கும் ஆசிரியர் மே மாதம் மூச்சிரைக்க, வடக்குக்கும் தெற்குக்குமான உள்நாட்டுப் போரின் முடிவான அப்போமட்டாக்ஸுக்கு வந்து சேர்கிறார். தெற்கின் தளபதி லீ சரணடைகிறார், லிங்கன் சுடப்படுகிறார், தேர்வு வந்துவிடுகிறது. தோற்ற தெற்கை மீண்டும் நாட்டோடு இணைத்த 1865 முதல் 1877 வரையிலான மறுகட்டமைப்புக் காலம் இரண்டு நாளில், ஒரு ஒர்க்‌ஷீட்டில் கரைந்துபோகிறது. அதே பிள்ளை அடுத்து இந்த வரலாற்றைத் தொடும்போது பாடம் ரயில்பாதை, எஃகு ஆலை என்று எங்கோ போயிருக்கும். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற நாற்பது லட்சம் பேர் அதன் பிறகு என்ன ஆனார்கள் என்பதை அது எங்குமே படிப்பதில்லை.

இது சரியில்லை. போரை விடப் போருக்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதிக நாள் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் காலண்டரைத் திருத்துங்கள். பள்ளி ஆண்டுக்கு 36 வாரம். தேர்வுக்கும் விடுபடும் நாட்களுக்கும் 3 வாரம் போனால் மிச்சம் 33. குடியேற்றக் காலத்துக்கு 5, புரட்சிக்கும் அரசியலமைப்புக்கும் 7, அங்கிருந்து 1848 வரை 8, போருக்கு முந்தைய பத்தாண்டுக்கு 4, போருக்கு 4, மறுகட்டமைப்புக்கு 5. கடைசி ஐந்தை முதலிலேயே பூட்டிவிட்டு, பின்னாலிருந்து முன்னால் திட்டமிட்டு வாருங்கள். பெரும்பாலும் நேரம் கரைவது புரட்சிப் போரில்தான். லெக்சிங்டன் முதல் யார்க்டவுன் வரை ஒவ்வொரு சண்டையாக நடத்தினால் மூன்று வாரம் தெரியாமலே போய்விடும்.

அரசியலமைப்பை நடத்தும்போது ஒரு வேலை கொடுங்கள். 1787-இன் மூலப் பிரதியைக் கொடுத்து ‘அடிமை’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. ‘மற்ற நபர்கள்’ என்றும் ‘வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்’ என்றும் சுற்றிவளைத்துத்தான் எழுதியிருப்பார்கள். பிறகு நாட்டிலிருந்து பிரிந்த தென் மாநிலங்கள் 1861-இல் எழுதிய தென் கூட்டமைப்பு அரசியலமைப்பைக் கொடுங்கள். அதில் அந்தச் சொல் ஒளிவுமறைவில்லாமல் நிற்கும். 74 ஆண்டுகளில் அந்தக் கூச்சம் எப்படிப் போனது என்ற கேள்வியே அடுத்த பல வாரங்களை இழுத்துச் செல்லும்.

மாநிலத்தின் மக்கள்தொகையில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய விதியில் ஏறக்குறைய எல்லா வகுப்பும் தடுக்கி விழுகிறது. ‘கறுப்பினத்தவரை முக்கால் மனிதனாகக்கூட மதிக்கவில்லை’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அடிமைகளை முழுத் தலையாக எண்ணச் சொன்னது தெற்கு. எண்ணவே கூடாது என்றது வடக்கு. விவாதம் மதிப்பைப் பற்றியது அல்ல, பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்பதைப் பற்றியது. வாக்கே இல்லாதவர்களின் தலைக்கணக்கில் அவர்களுடைய எஜமானர்களுக்குக் கூடுதல் இடமும், குடியரசுத் தலைவர் தேர்தலில் கூடுதல் பலமும் கிடைத்தன. ஒரு கற்பனை மாநிலத்தைக் கரும்பலகையில் எழுதிக் கணக்குப் போட வைத்தால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அடிமைமுறை தானாகவே தேய்ந்து கொண்டிருந்தது என்ற எண்ணத்தை இரண்டு எண்கள் உடைக்கும். 1790 கணக்கெடுப்பில் அடிமைகள் சுமார் 7 லட்சம், 1860-இல் 39.5 லட்சம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது 1808-இலேயே தடைசெய்யப்பட்டிருந்தும் இந்த வளர்ச்சி. இடையில் 1793-இல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரம் வந்து, பருத்திச் சாகுபடி பெருகுகிறது. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் குடும்பங்களைப் பிரித்து மிசிசிப்பிக்கும் லூசியானாவுக்கும் விற்கும் உள்நாட்டுச் சந்தை பெருகுகிறது.

போரின் காரணம் ‘மாநில உரிமை’ என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட பிரிவினை அறிக்கையை வாசிக்க வையுங்கள். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தராமல் வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களைப் போட்டுக்கொண்டன என்பதுதான் அதன் பெரிய புகார். அடிமையோடு நியூயார்க் வழியாகப் பயணம் போகக்கூட விடவில்லை என்றும் வருந்துகிறது. வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது. மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் அறிக்கைகளையும் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு வகுப்பு நேரம் போதும்.

போரில் தளபதிகளின் வரிசையைச் சுருக்கலாம். கெட்டிஸ்பர்க்கும் விக்ஸ்பர்க்கும் 1863 ஜூலையின் அதே முதல் வாரத்தில் முடிவானதை வரைபடத்தில் காட்டினால் போதும். விடக் கூடாத இடம் வர்ஜீனியாவில் வடக்கின் கையிலிருந்த ஃபோர்ட் மன்ரோ கோட்டை. 1861 மே மாதம் மூன்று அடிமைகள் படகேறித் தப்பி அந்தக் கோட்டைக்கு வந்தார்கள். திருப்பி அனுப்ப மாட்டேன் என்றார் தளபதி பட்லர். செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கோட்டை நிற்பது பாயின்ட் கம்ஃபர்ட்டில். 1619-இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களை ஏற்றிவந்த கப்பல் கரையொதுங்கிய அதே முனை. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே அடிமைகள் தங்கள் விடுதலையைத் தாங்களே தொடங்கிவிட்டார்கள். பின்னர் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் படையில் சேர்ந்தது இதன் தொடர்ச்சி.

இனி அந்த ஐந்து வாரம். நிலத்தில் தொடங்குங்கள், சட்டத்திருத்தத்தில் அல்ல. 1865 ஜனவரியில் வடக்கின் தளபதி ஷெர்மன் தெற்கின் கடலோர நிலத்தை விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி உத்தரவிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர் வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். நிலம் போனதால் வந்ததுதான் வாரச் சாகுபடி. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடையில் பற்று. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் கடன். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமானால் தாத்தா பாட்டியிடம் ‘வாரம்’ என்றால் என்னவென்று கேட்டுவரச் சொல்லலாம். ஆனால் இரண்டும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்து மிசிசிப்பியின் 1865 கறுப்பர் சட்டம். 1866 ஜனவரியில் வேலைக்கான ஆதாரம் காட்ட முடியாத கறுப்பினத்தவர் நாடோடிக் குற்றவாளி. அபராதத்தை ஐந்து நாளில் கட்டாவிட்டால் அதைக் கட்டுபவரிடம் ஷெரிஃப் அவரைக் கூலிக்கு விடுவார். இதன் பக்கத்திலேயே அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்தை வையுங்கள். ‘குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர’ என்ற விலக்கைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த 14ஆம் திருத்தம் எதற்கு வந்தது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

கறுப்பினத்தவரைப் பலியானவர்களாக மட்டும் காட்டுவது இன்னொரு தவறு. ஹைரம் ரெவல்ஸ் 1870-இல் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போனார். தென் கரோலினாவின் சட்டமன்றக் கீழவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மை. எல்லாப் பிள்ளைகளுக்குமான அரசுப் பள்ளி அந்த மாநிலத்துக்கு வந்தது 1868 அரசியலமைப்பால். இதற்கு முழுதாக ஒரு வாரம் கொடுங்கள்.

பிறகே வன்முறை. 1873 ஈஸ்டர் நாளில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்ற படுகொலையில் 97 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது; தண்டனை பெற்றவர் மூவர்; அந்தத் தண்டனையையும் 1876-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 14ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களை அல்ல என்றது தீர்ப்பு. ‘ஊழல் ஆட்சி முடிந்த நாள்’ என்ற தொனியில் அங்கே வைத்த பலகை 2021 வரை நின்றது. வகுப்பில் அடிமை ஏலம், அடிமைக் கப்பல் என்று நடித்துக் காட்டுவதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். அது புரிதலைத் தராது. கறுப்பினப் பிள்ளை ஒன்றை மற்றவர் முன் அவமானத்தில் நிறுத்தும்.

கடைசியாக 1877 என்ற எல்லைக்கோட்டையும் சந்தேகத்தோடு வரையுங்கள். அன்று மத்திய அரசின் துருப்புகள் தெற்கை விட்டு முற்றாக வெளியேறவில்லை. மாநில அரசுகளைக் காப்பதிலிருந்து விலகிக்கொண்டன. கறுப்பின வாக்கும் ஒரே இரவில் சாகவில்லை. மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்பு வாக்களிப்பதற்குத் தலைவரியும் வாசிப்புத் தேர்வும் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அந்தக் காலத்தின் கடைசிக் கறுப்பின எம்.பி. ஜார்ஜ் ஹென்றி வைட் 1901-இல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தெற்கிலிருந்து அடுத்த கறுப்பினத்தவர் உள்ளே வர 1973 ஆனது. இந்த இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களைக் கோடைவிடுமுறைக்கு அனுப்புங்கள்.