நுழைந்தது மனநலப் பிரிவுகள் அல்ல

நிதி நெருக்கடியில் சிக்கிய வங்கிகளைக் காக்க அமெரிக்கா 2008-இல் கொண்டுவந்த மீட்பு மசோதாவுக்குள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பேட்ரிக் கென்னடி தமது மனநலக் காப்பீட்டுப் பிரிவுகளைக் கடைசி நேரத்தில் நுழைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது ஏறத்தாழ இதற்குத் தலைகீழ். கென்னடி அறிமுகப்படுத்திய எச்.ஆர். 1424 என்ற மனநல மசோதா, அந்த ஆண்டு மார்ச் 5 அன்றே பிரதிநிதிகள் சபையில் 268-க்கு 148 என்ற வாக்குகளில் நிறைவேறியிருந்தது. செப்டம்பர் 29 அன்று மீட்பு மசோதா அதே சபையில் தோற்றதும், மேலவையான செனட் அதைத் தானே முன்னெடுத்தது. ஆனால் வருவாய் தொடர்பான மசோதாக்கள் பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பு சொல்வதால், அங்கிருந்து வந்து காத்திருந்த இந்த மனநல மசோதாவை எடுத்து, அதன் பழைய வாசகத்தை நீக்கிவிட்டு, மீட்புத் திட்டத்தையும் வரிச்சலுகைகளையும் அதில் வைத்தது. குடியேறியவை வங்கிகள்தான், வீடு மனநலத்துடையது. பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்ட மனநலப் பிரிவுகள், இரு அவைகளும் இணங்கிய வடிவில் அதிலேயே இடம்பெற்று, அக்டோபர் 3 அன்று சட்டமாயின.

இன்னொன்று: எல்லாக் காப்பீட்டுத் திட்டங்களும் மனநலச் சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஏற்கும் திட்டங்கள், உடல்நோய்ச் சிகிச்சைக்கு இல்லாத கடுமையான வரம்புகளை மனநலச் சிகிச்சைக்கு மட்டும் விதிக்கக் கூடாது என்றே சொல்கிறது.