தரையில் உட்காரவிடும் சதுக்கம்

வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த எல்லாரும் அதன் அழகைத்தான் சொல்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நடந்து நடந்து கால் கடுத்து, ஒரு படியில் உட்கார்ந்து பாருங்கள். எழுப்பி விடுவார்கள். அங்கே தரையில் உட்கார்ந்தால் அபராதம். நாற்காலி வேண்டுமென்றால் காபிக்கடைக்குப் போகவேண்டும். வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் சேர்த்துக் காசு. ரோமில் 2019 முதல் ஸ்பானியப் படிக்கட்டிலும் உட்காரக் கூடாது. படிக்கட்டைக் கட்டி வைத்துவிட்டு உட்காராதே என்றால் என்ன நியாயம்?

இந்தக் கடுப்போடுதான் இத்தாலியின் இன்னொரு பழைய ஊரான சியேனா போனேன். ஃப்ளோரன்ஸிலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். (ரயில் வேண்டாம். நிலையம் கீழே இருக்கிறது, ஊர் மேலே இருக்கிறது.) வெயில் எட்டிப் பார்க்காத சந்துகள், இரண்டு பக்கமும் நெட்டையான வீடுகள். ஒரு வளைவுக்கு அடியில் நாலு படி இறங்கினேன், சட்டென்று வானம் வந்துவிட்டது. பியாஸா தெல் காம்போ, ஊரின் நடுச் சதுக்கம்.

சதுக்கம் என்று பெயர்தானே தவிர, சதுரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விரித்த விசிறி மாதிரி இருக்கிறது. சிவப்புச் செங்கல் தரை, அதை ஒன்பது பங்காகப் பிரிக்கும் வெள்ளைக் கல் கோடுகள். 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பதின்மர் குழுவின் நினைவாக ஒன்பது என்கிறார்கள். தரை மொத்தமும் நகர மாளிகையை நோக்கிச் சரிகிறது. மழைத் தண்ணீர் வழிந்தோட வசதி. மழை இல்லாத நாளில் மனிதர்களுக்கு வசதி: மேட்டுப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் எதிரே அந்த மாளிகையின் மான்ஜா கோபுரம் முழுசாகத் தெரியும். தாத்தா பாட்டி, கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் கிடந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை.

ஒன்பதின்மர் ஒன்றும் அப்பாவிகள் இல்லை. பணக்கார வியாபாரிகளின் ஆட்சி அது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினார்கள். 1297-லேயே, சதுக்கத்தைப் பார்த்த வீடுகளின் ஜன்னல்கள் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பேராலயம் வேறொரு மேட்டில் நிற்கிறது. இங்கே நடுநாயகம் நகர மாளிகைதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த மாளிகையின் மாடியில், ஒன்பதின்மர் கூடிய அறையில், அம்ப்ரோஜியோ லொரென்ஸெத்தி 1338-39-ல் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் நல்லாட்சி நடக்கும் ஊர்: கடை திறந்திருக்கிறது, தெருவில் ஆடுகிறார்கள், கொத்தனார் சுவர் எழுப்புகிறார். இன்னொரு பக்கம் கொடுங்கோலாட்சி: நீதிதேவதையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். முடிவெடுக்க உட்காருபவன் தலை தூக்கினால் இரண்டும் கண்ணில் படும். டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டும், ஆனால் அந்தக் காசு வீணில்லை.

ஓவியம் வரைந்து பத்து வருடம் ஆவதற்குள், 1348-ல், கொள்ளைநோய் வந்தது. ஊர் அதிலிருந்து பழைய நிலைக்கு மீளவே இல்லை. பேராலயத்தைப் பெரிதாக்க ஆரம்பித்த வேலை பாதியில் நின்றது, அந்த மொட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாமல் போனதால்தான் சதுக்கம் தப்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே சதுக்கத்தில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஜூலை 2, ஆகஸ்ட் 16. ஓரத்தில் மண் கொட்டி மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஓட்டுபவர் விழுந்தாலும் குதிரை தனியாக ஓடி ஜெயிக்கலாம். நடுவில் நின்று பார்க்கக் காசில்லை. குதிரைகள் அடிபடுவதைப் படித்ததிலிருந்து எனக்கு அதில் ஆசை விட்டுப்போனது.

நானும் ஒரு தப்புச் செய்தேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் ஓரத்துக் கடை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பில்லைப் பார்த்ததும் காபி கசந்தது. மறுநாள் சந்துக்குள் ஒரு துண்டு பீட்சா வாங்கி வந்து செங்கல்லில் சம்மணம் போட்டேன். வெயில் இறங்கியும் தரையில் சூடு இருந்தது. மேட்டில் ஒரு பொடியன் பந்தை உருட்டிவிட்டான். அது என்னைத் தாண்டி உருண்டது. கீழே படுத்திருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே காலால் நிறுத்தினார்.