பிகர் தொகுதியை மறக்க வேண்டாம்

"கனடாவின் புல்வெளி மாகாணங்களில் கிராமத் தொகுதிகள் எப்போதும் வலதுசாரிகள் பக்கம்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மாகாணங்களில் ஒன்றான சஸ்காச்சுவனின் தென்பகுதிக் கிராமங்களுக்கு இன்று அது பொருந்தும், சரி. ஆனால் 'எப்போதும்' என்பது தவறு.

அதே மாகாணத்தில், சாஸ்கடூன் நகருக்கு மேற்கே பிகர் என்று ஒரு தொகுதி. கோதுமை வயல்களும் ரயில் பாதையும் உள்ள ஊர். 1944இல் சோசலிசக் கட்சியான சிசிஎஃப், சட்டமன்றத்தின் 52 இடங்களில் 47ஐப் பிடித்தபோது, பள்ளி ஆசிரியராக இருந்த வுட்ரோ லாய்ட் அங்கே ஜெயித்தார். 1971 வரை அந்த மக்கள் அவரை விடவில்லை.

அங்கே அரசு மருத்துவக் காப்பீடு என்றாலே எல்லோரும் லாய்டுக்கு முன் முதல்வராக இருந்த சிசிஎஃப் தலைவர் டாமி டக்ளஸைச் சொல்வார்கள். திட்டத்துக்கு வித்திட்டவர் அவர்தான். ஆனால் 1962 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்து, அதை எதிர்த்து மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதல்வர் நாற்காலியில் இருந்து அதைக் காப்பாற்றியவர் இந்த பிகர் உறுப்பினர். டக்ளஸின் வேபர்ன் தொகுதியும் விவசாயப் பகுதிதான். கூட்டுறவுத் தானியக் கிடங்குகளைத் தாங்களே நடத்திப் பழகிய விவசாயிகள் அவர்கள். ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்ந்தே சுமக்கலாம் என்பது அவர்களுக்கு அந்நியமான யோசனையாக இருக்கவில்லை.