முழுசாக உரிய வேண்டுமென்றால் கனமாக அடிக்க வேண்டும்
கார் பெயின்ட்டின் மேல் அடித்து, வேண்டாதபோது உரித்தெடுக்கிற ரப்பர் பூச்சைப் பற்றிய கட்டுரையில் "எப்போது வேண்டுமானாலும் ஒரே இழுப்பில் உரித்துவிடலாம்" என்று இருப்பது பாதிதான் சரி. ரப்பர் பூச்சு கனமாக இருந்தால்தான் முழுசாக வரும். தண்டையார்பேட்டையில் என் மச்சானின் வெள்ளைக் காருக்கு மேட் கறுப்பு அடித்தவர் பானெட்டில் தாராளமாகவே அடித்திருந்தார், அது பெரிய தாளாக அப்படியே வந்தது. கதவு விளிம்பிலும் பம்பர் மடிப்பிலும் மெல்லிசாக விட்டுவிட்டார். அங்கே நகம் அளவு துணுக்குகளாகத்தான் பிய்ந்தது. அப்படிப்பட்ட இடத்தைச் சுரண்டவே கூடாது, அடியில் இருக்கும் பெயின்ட்டில் கீறல் விழும். அதன் மேலேயே இன்னும் சில கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு உரித்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும். பெட்ரோல் மூடியைச் சுற்றித்தான் ரொம்பக் கவனம் வேண்டும், பங்க்கில் சிந்துகிற பெட்ரோல் இந்த ரப்பரை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும், உடனே துடைத்துவிடுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் ஓட்டுகிறவர்கள் லாரிப் புழுதி போகக் கழுவித் துடைத்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் "தற்காலிகம்தானே, ஆர்டிஓவுக்கு ஏன் சொல்லணும்" என்று கேட்டிருக்கிறார். ஆர்சியில் நிறமும் பதிவாகியிருக்கிறது சார், உரிக்கக்கூடிய பூச்சு என்பதால் சொல்லாமல் விட்டுவிட முடியாது. முழு வண்டியின் நிறத்தையும் மாற்றுவதென்றால் முதலில் ஆர்டிஓ ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு அடியுங்கள்.