முதலாளி நாற்காலி காலியாகவே கிடக்கிறது

போன ஞாயிறு எங்கள் கிரவுண்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய மேட்ச். இரண்டு அணியும் தயார், அம்பயர் தயார், மூடுபனிகூட அன்றைக்கு நேரத்தோடு விலகிவிட்டது. ஆனால் டாஸ் போடவில்லை. கேட்டால் எங்கள் மென்பந்து கிரிக்கெட் அணியின் முதலாளி வருகிறாராம். ஒன்பதே கால் ஆனது, ஒன்பதரை ஆனது. நாங்கள் பவிலியன் என்று சொல்லிக்கொள்ளும் தகரக் கொட்டகையில், நடு வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி. அதன்மேல் வெள்ளைத் துணி. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் தண்ணீர்ப் போத்தல். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். வீடியோ கோல். முதலாளி கொழும்பிலிருந்து பேசுகிறார். பதினொரு பையன்களையும் வட்டமாக நிற்கவைத்து, அந்தப் போனை ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் காட்டினார்கள். "ஓல் த பெஸ்ட் தம்பிமாரே, கப் நமக்குத்தான்" என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது.

இந்த சீசனில் சொந்த மைதானத்தில் நடந்த ஐந்தாவது மேட்ச் அது. ஐந்திலும் அந்த நாற்காலி காலி.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் பார்த்துப் பார்த்து இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கே போனாலும் இப்போது மென்பந்து லீக்தான். கடைக்காரர்கள், காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், கொழும்புக்குப் போய் நன்றாக வந்தவர்கள் ஆளுக்கொரு அணி எடுக்கிறார்கள். தோட்டத்துப் பையன்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். அணிக்கு ஊர்ப் பெயர். ஜெர்சியின் முதுகில் பையனின் பெயர், நெஞ்சில் முதலாளியின் படம். இதில் தப்பே இல்லை. முதலாளிமார் வந்த பிறகுதான் எங்கள் பையன்களுக்கு ஒழுங்கான சப்பாத்து கிடைத்தது, மேட்சுக்குப் போக வேன் கிடைத்தது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

எங்கள் முதலாளியும் ஆரம்பத்தில் இப்படி இல்லை. முதல் வருடம் நான் கண்ணால் பார்த்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பவுண்டரி ஓரமாக நிற்பார். பந்து தேயிலைக்குள் போனால் அவரே இறங்கித் தேடுவார். இரண்டு ஓட்டத்தில் தோற்ற ஒரு மேட்சுக்குப் பிறகு, ரோலர்மேல் பையன்களோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, இருட்டிய பிறகுதான் கிளம்பினார். யார் யார் தோட்டத்தில் எந்த டிவிசன், யாருடைய அப்பா யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வருடம் நாங்கள் ஜெயித்ததே இரண்டு மேட்ச்தான். ஆனாலும் மேட்டு லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கிழவிகள்கூட வந்து பார்த்தார்கள். அடுத்த வருடம் பாதி மேட்சுக்கு வந்தார். போன வருடம் ஃபைனலுக்கு மட்டும் வந்து கப்பைத் தூக்கினார். இந்த வருடம் போனில் வருகிறார்.

சலூனில் இதை வைத்துத் தினமும் சண்டை. சலூன்கார அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: "காசு போடுறவன் எதுக்குத் தம்பி வெயில்ல வந்து நிக்கணும்? நீ பஸ்ஸுல போற, பஸ் ஓனர் ஒன் பக்கத்து சீட்டுலயா வந்து ஒக்காந்திருக்கான்?" சரி, அண்ணனிடமே கேட்கிறேன். பஸ் ஓனர் பஸ்ஸுக்கு நம் ஊர்ப் பெயரை வைத்து, அதைக் காட்டி நம்மிடம் கைதட்டு கேட்கிறானா? அந்த பஸ் தோற்றால் நான் சாப்பிடாமல் படுக்கிறேனா? என் மச்சான் சொல்வது வேறு: முதலாளி வராவிட்டால் பையன்கள் பயமில்லாமல் ஆடுவார்களாம். அப்படியானால் எதற்கு அந்த நாற்காலி, எதற்கு ஐம்பது நிமிடம் டாஸைத் தள்ளிப்போட்டார்கள்?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்குத் தாங்க முடியாதது மூன்றாவது வாதம். "பேசாம இருங்கடா. இந்த விலைவாசியில டீம் வச்சிருக்கிறதே பெருசு. ஏதாவது கேட்டா விட்டுட்டுப் போயிருவாரு." இந்தப் பேச்சை நான் எங்கே கேட்டிருக்கிறேன்? சின்ன வயதிலிருந்து எங்கள் லயத்தில் கேட்டது இதே பேச்சுத்தான். சம்பளம் கேட்காதே, தோட்டத்தை மூடிவிடுவான். கூரைத் தகரம் கேட்காதே, தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கோபம் வரும். ஐயா, அது வயிற்றுப்பாடு. அங்கே பயந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் சந்தோஷத்துக்கு ஆடுகிற ஆட்டத்துக்குள்ளும் அந்தப் பயத்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமா?

முகம் காட்டாத முதலாளி எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நிறையத் தோட்டங்களின் சொந்தக்காரக் கம்பெனிகள் லண்டனில் இருந்தன. பங்கு வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு கொழுந்தைக் கையால் தொட்டிருப்பார்கள்? 1972 இலும் 1975 இலும் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. 1992 இல் நிர்வாகம் திரும்பவும் கம்பெனிகளின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனிகளின் தலைமை அலுவலகம் இருப்பது கொழும்பில். ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரன் மாறினான், ஆனால் லயத்து வாசலில் வந்து நின்றவன் ஒருத்தனும் இல்லை. அப்பா சொல்வார், அவர் கால்பந்து ஆடிய காலத்தில் தோட்டத்துத் துரை மேட்ச் பார்க்க வருவாராம். பாசத்தில் வந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், அந்தக் கொடுமையும் இருந்தது. ஆனால் கோல் காக்கிறவன் எந்த லயத்துப் பையன் என்று அந்தத் துரைக்குத் தெரியும் என்பார் அப்பா. நம் ஊரிலேயே பிறந்து, நம் பாஷை பேசி, நம்மோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர் அந்த அளவுக்குக்கூட வரவில்லை என்றால் கோபம் வராதா?

தோட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தால்தான் பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். நேரம் தவறினால் அரைப்பேர். வராவிட்டால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் என்றாலும், பிள்ளைக்கு முடியவில்லை என்றாலும் அதே கணக்குத்தான். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்கூட நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கி, அதற்கு மேல் வேலைக்கு வருகிற நாளுக்கு 200 ரூபாய் வருகைப் படி என்றுதான் அறிவித்தார்கள். வந்து நின்றால்தான் காசு. எங்கள் அம்மாமார் அட்டைக்கடியில், மழையில், சறுக்குகிற மலையில் தினமும் வந்து நின்றுதான் பேர் வாங்குகிறார்கள். அந்த அம்மாமார் பெற்ற பிள்ளைகளின் நெஞ்சில் தன் படத்தை ஒட்டியிருக்கிறவர் மட்டும் வராமலே பேர் வாங்கலாமா?

இதை எழுதினால் "பெரிய லீக்கில்கூட முதலாளிமார் வருவதில்லை, நீ மென்பந்துக்குப் பேசுகிறாய்" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். பெரிய லீக்கையே பார்ப்போம். 2024 ஐபிஎல் ஃபைனல், மே 26, சேப்பாக்கம். ஹைதராபாத் 113 ஓட்டத்துக்கு மொத்தமும் அவுட். கொல்கத்தா எட்டு விக்கெட்டால் ஜெயித்தது. சுழல்பந்துப் பயிற்சியாளராக நம்ம கண்டி முரளிதரன் இருந்த அணி என்பதால் இங்கே பாதிப் பேர் ஹைதராபாத் பக்கம். அன்று ஹைதராபாத் முதலாளி வீட்டுக் காவ்யா மாறன் எழுந்து நின்று கைதட்டியதையும், திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததையும் எங்கள் லயத்து டிவியில் எல்லாரும் பார்த்தோம். அவர் காசு பெரிய காசு, எங்கள் காசு சில்லறை. தோற்ற நாளில் நம்மோடு ஓர் ஆள் நின்றார் என்கிற நினைப்புக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை.

லெஸ்டர் சிட்டி என்கிற இங்கிலாந்துக் கால்பந்துக் கழகத்தின் கதை தெரியுமா? விச்சை ஸ்ரீவத்தனபிரபா தாய்லாந்துக்காரர். 2010 இல் அந்தக் கழகத்தை வாங்கினார். 2016 இல் யாரும் நினைக்காத நேரத்தில் லீக்கை வென்றார்கள். அவர் ஒரு பெரும் பணக்காரர். ஆனாலும் சொந்த மைதானத்து மேட்சுகளுக்கு வந்துபோவார். மேட்ச் முடிந்ததும் மைதானத்தின் நடுவிலிருந்தே ஹெலிகொப்டரில் கிளம்புவார். 2018 ஒக்டோபர் 27, வெஸ்ட் ஹாமோடு 1-1 என்று சமன். அன்று இரவு அந்த ஹெலிகொப்டர் மைதானத்துக்கு வெளியிலேயே விழுந்து அவரும் இன்னும் நான்கு பேரும் இறந்துபோனார்கள். அந்த ஊர்ச் சனம் மைதானத்தின் வாசலில் பூவும் ஜெர்சியும் கழுத்துத் துண்டுமாக மலைபோல் குவித்தது. எவனோ ஒரு வெளிநாட்டுப் பணக்காரனுக்கு யாராவது அப்படி அழுவார்களா? அவர்களுக்கு அவர் நேரில் பார்த்த மனுஷன். மன்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். 2005 இல் கிளேசர் குடும்பம் வாங்கியது, பிறகு எத்தனையோ கப் வென்றார்கள். ஆனால் 2010 இல் அதே ரசிகர்கள் பச்சையும் மஞ்சளுமாகக் கழுத்துத் துண்டு போட்டுக்கொண்டு வந்து முதலாளிக்கு எதிராக நின்றார்கள். அங்கே கடன்தான் பெரிய சண்டை, உண்மை. தூரத்தில் இருந்துகொண்டு காசை மட்டும் எண்ணுகிறவன் என்கிற கசப்பும் அதற்குள் இருந்தது.

லங்கா பிரிமியர் லீக்கில் கண்டி அணிக்கு நடந்தது தனிக்கதை. டஸ்கர்ஸ், வாரியர்ஸ், ஃபால்கன்ஸ், பி-லவ் கண்டி, திரும்ப ஃபால்கன்ஸ் என்று ஐந்து சீசனில் நான்கு பெயர். முதல் இரண்டு சீசனும் கண்டியின் மைதானமான பல்லேகலையில் ஒரு மேட்ச்கூட இல்லை. 2023 இல் கப் வென்றதும் கொழும்பில்தான். எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமலே கத்தினோம்.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன். நாலாவது ஓவர். எங்கள் பையன் ஒருத்தன் பவுண்டரி ஓரத்தில் கேட்ச்சுக்குப் பாய்ந்தான். கேட்ச் பிடித்துவிட்டான், ஆனால் தோள்பட்டை கல்லில் போய் அடித்தது. எலும்பு நகர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. பையன் வலியில் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மேனேஜர் முதலாளிக்குப் போன் எடுத்தார். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார், எடுக்கவில்லை. "அவர்ட்ட கேக்காம நான் என்ன செய்றது" என்று நின்றார். கடைசியில் நாங்கள்தான் ஒரு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சனத்துக்குள் போனோம். எதிரணிப் பையன்களும் போட்டார்கள். அந்தக் காசில்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவனுடைய அம்மா நாட்சம்பளத்துக்கு வெளியே கிடைக்கிற கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். மைதானத்துக்கு மேலே இருக்கிற மலைதான் அன்றைய மலை. மகன் விழுந்ததை அவர் மேலேயிருந்து பார்த்திருக்கிறார். கூடையைக் கழற்றாமலே ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் பேஸ்புக்கில் முதலாளியின் பக்கத்தில் ஒரு படம். போன வருடக் கப்போடு அவர் நிற்கிறார். கீழே "என் குடும்பம்" என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தில் அவருக்கு இடப்பக்கம் நிற்கிறவன் இந்தப் பையன்தான். அந்த நேரம் அவன் வார்டில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

முதலாளி, இதை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள் என்று தெரியும். உங்களுக்குக் கொழும்பில் வியாபாரம் இருக்கிறது, 2022 பொருளாதார நெருக்கடியில் பட்ட அடியிலிருந்து எழும்ப எல்லாருக்கும் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். எல்லா மேட்சுக்கும் வாருங்கள் என்று கேட்கவில்லை. சீசனுக்கு இரண்டு வாருங்கள், அதில் ஒன்றாவது தோற்கிற மேட்சாக இருக்கட்டும். வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், உங்களுக்காக டாஸ் காத்திருக்க வேண்டாம். உங்கள் இடத்தில் நிற்கிறவரிடம் ஆட்டோக் காசுக்காவது அதிகாரம் கொடுத்து விடுங்கள். பையன் வீட்டுக்கு ஒரு போன் எடுங்கள், வீடியோ வேண்டாம்.

கமிட்டி அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரும் ஞாயிறு அரையிறுதி, நம் கிரவுண்டில்தான். வழக்கம்போல அந்த நாற்காலியைப் போட்டு வெள்ளைத் துணி விரிப்பீர்கள். நான் எட்டு மணிக்கே வந்துவிடுவேன். அந்தப் பையனின் அம்மாவிடம் பேசிவிட்டேன், அன்றைக்குக் கைக்காசுக்குப் போகாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து மேட்சையும் மேட்டுத் தேயிலையில் நின்றபடியே பார்த்தவர் அவர். நாற்காலியில் அவரை உட்காரவைக்கப் போகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.