"கதை கேட்டது போதும்" என்றவருக்கு

சனிக்கிழமை நடந்ததை வீடியோவில் பார்த்தவர்களுக்கு நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளி விழாவில் கதை சொல்ல, நாற்பது நிமிடம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பதினோராவது நிமிடத்தில் முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு வந்தது. என் கதையின் நரி ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். அதுகூடப் பரவாயில்லை, பள்ளி விழா என்றால் அப்படித்தான். எனக்கு அடுத்து மைக்கைப் பிடித்த சிறப்பு விருந்தினர், "கதை கேட்டது போதும், இனி உருப்படியா ஏதாவது பேசுவோமா?" என்றாரே, பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியர்களும் சிரித்தார்களே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சரி, அப்புறம் அவர் என்ன பேசினார் என்று யாராவது கவனித்தீர்களா? மண்ணெண்ணெய் விளக்கில் படித்தது, செருப்பில்லாமல் பள்ளிக்கு நடந்தது, அம்மா கம்மலை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது. முப்பத்தைந்து நிமிடம்! ஐயா, அதற்குப் பெயர் என்ன? கதைதானே? நல்ல கதைதான், கம்மல் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. உங்கள் கம்மல் உருப்படி, என் நரி வெட்டிப்பேச்சா?

"அக்கா, அவர் தமாஷுக்குச் சொன்னார்" என்று இன்பாக்ஸில் நான்கு பேர். தெரியும். யோசிக்காமல் வாயில் வருவதுதான் தமாஷ், அதனால்தான் வலிக்கிறது. கதை விடாதே, கதை அளக்காதே, இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம் என்று பேசிப் பேசிப் பொய்க்கே கதை என்று பெயர் வைத்துவிட்டோம்.

சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து மாறிய காந்தியை இங்கே இழுக்கப்போவதில்லை. அந்த உதாரணத்தை மேடையில் தேய்த்தே தீர்த்துவிட்டார்கள். பக்கத்து ஆந்திரத்துக்கு வாருங்கள். நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்றொரு கிராமம். 1990-களின் தொடக்கம், முழு எழுத்தறிவு இயக்கம் நடந்துகொண்டிருந்த நேரம். பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு ராத்திரி எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பெண்களின் பாடப்புத்தகத்தில், சாராயத்தால் சீரழியும் வீட்டையும் அதை எதிர்த்து ஒன்றுசேரும் பெண்களையும் பற்றிய கதைகள் இருந்தன. படித்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகவில்லை. நம் ஊரில் ஏன் முடியாது என்று கேட்டார்கள், ஊருக்குள் சாராயத்தை நிறுத்தினார்கள். ரோசம்மா என்ற பெண் முன்னே நின்றார். 1992-இல் அது மாவட்டம் முழுக்கப் பரவியது, சாராய ஏலத்தையே நடத்தவிடாமல் மறித்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் முதல்வர் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். தொடங்கிய இடம், எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு கதை.

உடனே ஒருவர் வருவார், "1997-இல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்களே மேடம்" என்று. ஆமாம், தளர்த்தினார்கள். கஜானா காலி என்றார்கள். அது கதையின் தோல்வியா, கஜானாவின் தோல்வியா? இன்னொருவர், அந்தப் பெண்களிடம் கோபம் ஏற்கெனவே இருந்தது, கதை என்ன செய்துவிட்டது என்பார். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அடி வாங்கியவர்களுக்குக் கோபத்தை யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாகப் புழுங்கிக்கொண்டிருந்த கோபம் தெருவுக்கு வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 1991-இல் புதுக்கோட்டையில் அதே எழுத்தறிவு இயக்கம் அறிவொளி என்ற பெயரில் தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம். கலைக்குழு வந்து பாட்டும் நாடகமுமாக ஊரைக் கூட்டிவிட்டுப் போய்விடும். மறுநாளிலிருந்து சிலேட்டோடு உட்கார வேண்டியது எங்களைப் போன்ற தொண்டர்கள். சம்பளம் எல்லாம் கிடையாது. என் மையம் ஒரு கோயில் திண்ணை. வந்தவர்களில் பாதிப்பேர் கல்லுடைக்கிற பெண்கள். விரல்கள் காய்த்துப்போயிருக்கும், பல்பம் பிடித்தால் நழுவும். எட்டரை மணிக்குத் தூங்கி விழுவார்கள்.

ஒருநாள் தூக்கத்தைக் கலைக்க நல்லதங்காள் கதையை எடுத்தேன். பஞ்சம், அண்ணன் வீடு, விரட்டும் அண்ணி மூளி அலங்காரி, கடைசியில் ஏழு பிள்ளைகளும் கிணறும். எங்கள் அம்மா நெல் அவிக்கும்போது சொன்ன அதே ராகத்தில் சொன்னேன். எல்லோரும் அழுவார்கள் என்று நினைத்தேன். ஓர் அக்கா எழுந்து, "ஏ டீச்சரு, புள்ளைய எதுக்குக் கெணத்துல போடணும்? அண்ணி வாசல்ல நிக்கிறதுக்கு எங்ககூட கல்லுடைக்க வந்திருக்கலாம்ல?" என்றார். ஒரே சிரிப்பு. அப்புறம் ஆளாளுக்கு நல்லதங்காளுக்கு வேலை தேட ஆரம்பித்துவிட்டார்கள். கூலி எவ்வளவு, ஏழு பிள்ளைக்கு எத்தனை படி அரிசி என்று கணக்கு போனது. அந்தக் கணக்கில்தான் தங்கள் கூலி எவ்வளவு குறைகிறது என்று பேச்சு திரும்பியது. அடுத்த வாரம் அதே அக்கா, "பேரு எழுதறது அப்புறம், முதல்ல லோடு கணக்கு எழுதச் சொல்லிக்குடு" என்றார்.

கதையால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிடாதீர்கள்.

சாதிப்பெருமையும் கதையாகத்தானே பரவுகிறது, வாட்ஸ்அப் வதந்தியும் கதைதானே என்று கேட்பீர்கள். பரவுகிறது. கத்தி காய்கறியும் நறுக்கும், கையையும் நறுக்கும். அதற்காகக் கத்தியைப் பொம்மை என்று சொல்வீர்களா?

அந்தத் திண்ணையில் நல்லதங்காள் பிழைத்துக்கொண்டாள் என்று அப்போது வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். "அவ சாகாட்டி அது என்ன கதை?" என்று இரண்டு நாள் பேசவில்லை. அம்மாவுக்கு அந்தக் கதையில் அழுவது தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. வேறு எங்கே அழுதிருப்பார்? மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, முகத்தைப் பார்க்காமலே, "சரி, அந்தப் புள்ளைங்க பெரிசாகி என்ன பண்ணுச்சாம்?" என்றார். அம்மாவுக்கு யாரும் மேடையும் மைக்கும் கொடுத்ததில்லை. துண்டுச் சீட்டு வாங்கும் வாய்ப்புகூட அவருக்கு இருந்ததில்லை.

இனி எந்தப் பள்ளிக்கும் போகமாட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன். எழுத எழுத அது பொய் என்று தெரிகிறது. கூப்பிட்டால் போவேன். ஆனால் நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். சீட்டு வந்தால் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, நரியைக் கரையேற்றிவிட்டுத்தான் இறங்குவேன்.